மங்கிய படமும் மங்காத உழைப்பும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

“அசையாதே!” ஒளிப்படம் எடுப்பவர் எவராயினும் முதலில் சொல்லும் சொல் இதுதான். திருமண மேடையானாலும் சரி, பள்ளி இறுதி வகுப்பின் குழுப்படமானாலும் சரி, இந்தக் கட்டளைக்குப் பணியாதவர் படத்தில் மங்கிப்போவார். அவரைப் பார்த்து மற்றவர்கள் நகைப்பார்கள். அசைவது குற்றம், அசையாதிருப்பதே சிறப்பு என்று ஓர் எழுதாச் சட்டமே இத்துறையில் நிலைபெற்றுவிட்டது. இந்தச் சட்டம் நேர்மையானதுதானா? இதனைக் கேட்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் கண்ணமங்கலத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வருகிறவள். ஆரணிப் பட்டு என்ற பெயரோடு கடைகளில் மின்னும் சேலைகள் எங்கள் பகுதித் தெருக்களிலேதான் பிறக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒரு குழித்தறி ஓடுகிறது. அப்பா நெய்கிறார்; அம்மா தார் சுற்றுகிறார்; நானும் தம்பியும் தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள். என் சித்தப்பா திருமணங்களுக்குப் படம் எடுக்கும் தொழில் செய்கிறார். தமக்குப் பயன்படாத பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றையும் கால் ஒன்று தளர்ந்த முக்காலி ஒன்றையும் சென்ற ஆண்டு எனக்குக் கொடுத்தார். என் சோதனைகள் அதிலிருந்து தொடங்கின.

கேமராவுக்குள் ஷட்டர் என்றொரு கதவு உண்டு. நாம் பொத்தானை அழுத்தும்போது அது திறந்து மூடும். பகல் வெளிச்சத்தில் ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம் திறந்தாலே படம் விழுந்துவிடும். அந்தக் கதவை ஒரு நொடி, பத்து நொடி, முப்பது நொடி, ஏன், மணிக்கணக்கில்கூடத் திறந்து வைக்கலாம். அவ்வாறு எடுப்பதையே நெடுநேரத் திறப்பு என்று இங்கே குறிப்பிடுகிறேன். பழைய கேமராக்களின் வட்டத்தில் ‘பி’ என்றோர் எழுத்து இருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். அது ‘பல்ப்’ என்பதன் சுருக்கம். மின்விளக்கு அன்று, அந்நாளில் ரப்பர்க் குமிழ் ஒன்றைக் கையால் அழுத்திப் பிடித்திருக்கும் வரையில் கதவு திறந்திருக்கும். அந்தக் குமிழின் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

இது ஏதோ புதுமை என்று எண்ண வேண்டாம். ஒளிப்படக் கலை பிறந்ததே நெடுநேரத் திறப்பில்தான். பிரான்சு நாட்டில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-இல் தம் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்ததே இன்று நம்மிடமுள்ள மிகப் பழைய ஒளிப்படம். அதற்குப் பல மணி நேரம் தேவைப்பட்டது. 1838-இல் டாகர் என்பவர் பாரிஸ் நகரத்துத் தெரு ஒன்றைப் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த தெரு அது. ஆனால் படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது! சில நிமிடங்கள் திறந்திருந்த கேமராவின் முன் நடந்தவர்களும் ஓடியவர்களும் பதியவே இல்லை. ஓர் ஓரத்தில் காலணி துடைத்துக்கொள்ள நின்ற ஒரு மனிதர் மட்டும் தெளிவாகப் பதிந்துவிட்டார். ஒளிப்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர்களுள் ஒருவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. சரி, அவருடைய காலணியைத் துடைத்தவர் என்ன ஆனார்? அவர் மங்கலாகவே தெரிகிறார். கை அசைந்துகொண்டே இருந்ததல்லவா? நின்றவர் நிலைத்தார்; உழைத்தவர் மங்கினார். இந்த ஒரு படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப், 1858-ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர் பயன்படுத்திய தாள் எதிர்ப்படிவங்கள் ஒளியை மெல்லத்தான் வாங்கும். கல் அசையாது, ஆகவே கல் அழகாக விழுந்தது. அக்கோயில்களில் நடமாடிய மக்களை அவருடைய பல படங்களில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி என் சோதனைகளுக்கு வருகிறேன். வேலூர் – திருவண்ணாமலைச் சாலை எங்கள் ஊர் வழியாகச் செல்கிறது. சாலையோரக் கடை ஒன்றின் மாடியில் அனுமதி பெற்று, தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முன்னிரவில் முக்காலியை நிறுத்தினேன். அது ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கால் தளர்ந்த முக்காலி நிற்குமா? முதல் இருபது படங்களில் கடைகளின் பெயர்ப்பலகைகள்கூட இரட்டையாகத் தெரிந்தன. பிறகு முக்காலியின் நடுவில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். பொத்தானைக் கையால் அழுத்தும் அதிர்வும் படத்தைக் கெடுக்கிறது என்று கண்டு, தானே இயங்கும் முறையில் பத்து நொடி கழித்துக் கதவு திறக்குமாறு வைத்தோம். அதன்பின் விழுந்த படத்தில் பேருந்துகளும் லாரிகளும் காணாமற் போயிருந்தன. வந்த வண்டிகளின் முன்விளக்குகள் வெண்ணிற இழைகளாகவும், போன வண்டிகளின் பின்விளக்குகள் செந்நிற இழைகளாகவும் சாலை நெடுகிலும் நீண்டு கிடந்தன. “அக்கா, ரோட்டுல பாவு போட்ட மாதிரி இருக்குது!” என்றான் தம்பி. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டிழைகளை நீட்டிப் பாவு போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறெந்த உவமை தோன்றும்?

அடுத்து வானத்தைப் படமெடுத்தேன். துருவ விண்மீன் ஓர் ஊரில் எத்தனை பாகை உயரத்தில் தெரியும் என்பதும் அவ்வூரின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றே என்று வகுப்பில் படித்திருக்கிறோம். கண்ணமங்கலத்தில் அது ஏறத்தாழ 13 பாகைதான். நீட்டிய கையின் முட்டியை அடிவானத்தின்மேல் வைத்தால், அதற்குச் சற்று மேலே! வடக்கே வேலூர் நகரத்து விளக்கொளி வேறு. இருந்தும் மொட்டை மாடியிலிருந்து முப்பது நொடிப் படங்களாக 120 எடுத்து, ஒரு மணி நேரத்து வானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒவ்வொரு விண்மீனும் 15 பாகை வில்லாக வளைந்திருந்தது. புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது என்று எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

இவையெல்லாம் மகிழ்ச்சி தந்த சோதனைகள். என்னைக் கலங்கவைத்த சோதனை வீட்டுக்குள் நடந்தது.

தறி இருக்கும் அறையில் வெளிச்சம் குறைவு. தறிக்கு மேலே ஒரு விளக்கு; மற்ற இடமெல்லாம் அரையிருள். அப்பா நெய்வதைப் படமெடுக்க முக்காலியை வைத்தேன். கதவைக் கால் நொடி திறந்தேன். அப்பாவின் கை புகைபோல் ஆனது. எட்டு நொடி திறந்தேன். கை முழுவதும் மறைந்தது. முப்பது நொடி திறந்தேன். அந்தப் படத்தில் தறித் தூண்கள் செதுக்கி வைத்தாற்போல் நின்றன. நெய்து முடித்த சேலையின் சரிகை ஒவ்வோர் இழையாக மின்னியது. அப்பா இருந்த இடத்தில் ஒரு மங்கலான நிழல் மட்டும் இருந்தது. அந்த நிழலினூடே பின்சுவரில் தொங்கிய நாட்காட்டிகூடத் தெரிந்தது!

கேமராவின் சிறு திரையில் அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“தறி இருக்குது, சேலை இருக்குது. நான் எங்கம்மா?” என்றார்.

“நீங்க அசைஞ்சிட்டே இருந்தீங்கப்பா. அதனால விழல. கொஞ்ச நேரம் அசையாம உட்காருங்க, நல்லா எடுத்துத் தர்றேன்.”

“நான் அசையாம உட்கார்ந்தா சேலை எப்படிம்மா வளரும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாரிஸ் நகரத்தில் காலணி துடைத்தவர் என் நினைவுக்கு வந்தார். சேலையைப் பார்க்கிறவர்கள் நெய்தவரைப் பார்ப்பதில்லை என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அதையே என் கேமராவும், எந்த வஞ்சகமும் இன்றி, இயற்பியல் விதிப்படி சொல்லிவிட்டது.

அந்தப் படத்தை ஓர் ஒளிப்படப் போட்டிக்கு அனுப்பினேன். ‘கை நடுங்கியுள்ளது, கவனம் தேவை’ என்ற குறிப்போடு ஒதுக்கப்பட்டது. பரிசு பெற்ற படத்திலும் ஒரு நெசவாளர் இருந்தார். நாடாவைக் கையில் உயர்த்திப் பிடித்து, கேமராவைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. எடுத்தவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன்: அந்த நொடியில் அவர் நெய்துகொண்டிருந்தாரா? தறியை நிறுத்தினால்தானே அப்படிப் பார்த்துச் சிரிக்க முடியும்! தெளிவான அந்தப் படம் வேலை நின்ற நேரத்தின் படம். மங்கலான என் படமோ வேலை நடந்த நேரத்தின் படம். இவற்றுள் எது உண்மைக்கு நெருக்கமானது?

இந்தக் கேள்விக்கு எனக்கு விடை காட்டியது நம் பக்கத்து ஜவ்வாது மலைதான். அங்கே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதை யாவரும் அறிவோம். தொலைநோக்கி விண்மீன்களைப் பின்தொடர்ந்து மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்க, ஒளித்தகட்டை நெடுநேரம் திறந்து வைத்தால், விண்மீன்கள் புள்ளிகளாக நிற்கும். இடையே நகரும் சிறுகோள் ஒன்று இருந்தால் அது மட்டும் இடம் மாறியோ, சிறு கீற்றாகவோ பதியும். 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். இராஜமோகனும் உடனுழைத்தவர்களும் அங்கு ஒரு சிறுகோளைக் கண்டறிந்தனர். கணித மேதை இராமானுஜனின் பெயரால் அது 4130 இராமானுஜன் என்று வழங்குகிறது. அந்த ஆய்வில் அசைந்த ஒன்றைத்தான் தேடினார்கள். அசைவுதான் கண்டுபிடிப்பு ஆயிற்று. அதைக் ‘கை நடுங்கியுள்ளது’ என்று ஒதுக்கியிருந்தால் இராமானுஜனுக்கு வானத்தில் இடம் கிடைத்திருக்குமா?

ஆகவே அசைவை மறைக்காமல், அசைவையே பதியவைக்க ஒரு வழி தேடினேன். அமெரிக்காவில் 1910-களில் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற கணவன் மனைவியர் தொழிலாளரின் கைகளில் சிறு மின்விளக்குகளைக் கட்டி, கேமராவைத் திறந்து வைத்து, கை போகும் வழியை ஒளிக்கோடாக எடுத்தனர் என்று படித்தேன். வீணான அசைவுகளைக் குறைத்து, வேலையை விரைவுபடுத்துவது அவர்கள் நோக்கம். என் நோக்கம் அதுவன்று. அப்பாவை விரைவுபடுத்த எனக்கு என்ன உரிமை? அவர் கை போகும் வழியைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

சாவிக்கொத்தில் தொங்கும் சிறு விளக்கு ஒன்றை ஊடை நூலாலேயே அப்பாவின் வலக்கை மணிக்கட்டில் கட்டினேன். அறை விளக்கை அணைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். இருட்டில் ஓர் இழை அறுந்து, அது தெரியாமல் மேலே நெய்துவிட்டால் சேலையில் குறை விழும். குறை விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு சேலைக்கு ஏழெட்டு நாள் ஆகிறது. அத்தனை நாள் உழைப்பை என் விளையாட்டுக்குப் பணயம் வைக்கலாமா? வேண்டாம் என்று நானே விளக்கைக் கழற்றப் போனேன். அப்பா தடுத்தார். “வெறும் உடல்தான் இப்ப ஓடுது. கண்ணை மூடிட்டே நெய்வேன். ஒரே தடவைதான், பார்த்துக்க” என்றார்.

தம்பி விளக்கை அணைத்தான். நான் கதவைத் திறந்தேன். முப்பது நொடி! இருளில் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. நாடா பன்னிரண்டு முறை ஓடியதை எண்ணினேன். விளக்கைப் போட்டதும் அப்பா முதலில் சேலையைத்தான் தடவிப் பார்த்தார். ஓர் இழையும் அறுந்திருக்கவில்லை. அதன்பிறகே எனக்கு மூச்சு வந்தது. அந்த முப்பது நொடியில் சேலை வளர்ந்தது அரை நெல் நீளம்.

திரையைப் பார்த்தேன். கயிற்றை இழுத்துத் திரும்பும் அப்பாவின் கை, ஒளியால் வரைந்த ஒரு வளைவாகப் பதிந்திருந்தது. பன்னிரண்டு வளைவுகள் இருக்க வேண்டும். ஆனால் நூல் கனத்தில் ஒரே வளைவுதான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது புரிந்தது. இருட்டிலும் கை வழி மாறவில்லை. அடுத்து, பக்கத்தில் பாவில்லாமல் கிடக்கும் தாத்தாவின் பழைய தறியில் நான் உட்கார்ந்து, என் கையில் விளக்கைக் கட்டி, அதே பன்னிரண்டு முறை கயிற்றை இழுத்தேன். பன்னிரண்டும் பன்னிரண்டு திக்கில் போயிருந்தன. சிக்கெடுக்க முடியாத நூற்கண்டு போலிருந்தது அந்தப் படம்.

இரண்டையும் அருகருகே வைத்தபோது எனக்கு ஓர் உண்மை விளங்கியது. திறமை என்பது ஒரு நொடியில் தெரிவதன்று. நொடிப்பொழுதுப் படத்தில் அப்பாவின் கையும் என் கையும் ஒன்றுபோலவே தெரியும்; நான் கயிற்றைப் பிடித்துப் புன்னகை செய்தால் நானும் நெசவாளியே! முப்பது ஆண்டுகள் பழகிய கை எது, மூன்று நிமிடம் பழகிய கை எது என்பதை நெடுநேரம் பொறுத்துப் பார்க்கும் கண்தான் சொல்ல முடியும். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை ஒளியால் எழுதியதுபோல் இருந்தது அப்பாவின் படம்.

நண்பர்கள் சிலர் மறுக்கக்கூடும். “செய்தித்தாளுக்கும் அடையாள அட்டைக்கும் தெளிவான படம் வேண்டாமா?” என்பர். வேண்டும், யார் மறுத்தார்? நொடிப்பொழுதுப் படத்துக்கு அதற்குரிய இடம் உண்டு. அது ஒன்றே உண்மை என்று கொள்வதைத்தான் மறுக்கிறேன். “இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி வேண்டுமே” என்பாரும் உண்டு. இன்று பல கைப்பேசிகளிலேயே கதவுத் திறப்பைப் பல நொடிகள் வரை நாமே வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. முக்காலிக்கு ஈடாக நான்கு செங்கல் போதும். கைப்பேசியின் இரவு முறையில் நீங்கள் எடுக்கும் படமும் பல படங்களைச் சேர்த்து நெடுநேர ஒளியைத் திரட்டுவதுதான். கருவிக்குக் குறைவில்லை, காத்திருக்கும் மனத்துக்குத்தான் குறைவு. ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கிறோம்; ஒரு படத்துக்கு அரை நிமிடம் நிற்க மறுக்கிறோம்.

எனவே நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, தமிழ் மன்றமும் நாட்டு நலப்பணித் திட்டமும் இருப்பதுபோல ஒளிப்படக் கழகம் ஒன்று வேண்டும். இயற்பியல் துறையின் ஒரு கேமராவும் உறுதியான ஒரு முக்காலியும் இருந்தால் தொடங்கிவிடலாம். மாணவியர் இரவில் வெளியே நின்று படமெடுக்க இயலாத நிலையைப் பேராசிரியப் பெருமக்கள் அறிவார்கள். கழகம் என்று ஒன்று இருந்தால் கல்லூரி மாடியிலேயே துணையோடு அதைச் செய்யலாம். இரண்டு, மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு உழைப்பைப் படமெடுக்க வேண்டும். நம்முள் ஆரணி அரிசி ஆலைகளில் மூட்டை சுமப்பவரின் மகன் இருக்கிறார். பீடி சுற்றுபவரின் மகள் இருக்கிறார். தோல் தொழிற்சாலைக்குப் போகும் தாயின் பிள்ளை இருக்கிறார். அந்தக் கைகள் போகும் வழியெல்லாம் பதிவு பெற வேண்டும். மூன்று, அப்படங்களைக் கல்லூரி நாள் விழாவில் வைக்கும்போது, எடுத்தவர் பெயரோடு உழைத்தவர் பெயரையும் கீழே எழுத வேண்டும். மங்கிய உருவத்துக்கு ஒரு பெயராவது தெளிவாக இருக்கட்டும்.

விளக்குக் கட்டி எடுத்த படத்தை அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். தறித் தூணில் ஒட்டி வைத்திருக்கிறார். பட்டு நூல் கொடுக்க வந்தவர் ஒருவர், “இது என்னங்க, கோலமா?” என்று கேட்டாராம். “அது நான்தாங்க” என்று அப்பா சொன்னாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

மாணவ நண்பர்களே! இனி எவரையும் படமெடுக்கும்போது “அசையாதே” என்று சொல்லுமுன் ஒருகணம் எண்ணிப் பாருங்கள். உழைப்பவர் அசையட்டும்; தறி அசையட்டும்; உலகம் சுழலட்டும். முக்காலி மட்டும் அசையாமல் நிற்கட்டும்!